கிஷிதா ரியூசெய்யின் முகத்தில் ஐரோப்பாவைப் பார்ப்பது எப்படி?

1888-இல் வின்சென்ட் வான் கோ தெற்கு பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் இருந்தார். அப்போது தன் முகத்தை ஒரு தடவை வழக்கத்துக்கு மாறாக வரைந்தார். ஒட்ட வெட்டிய தலைமுடி, பின்னால் வெளிர் பச்சை, கண்கள் மட்டும் கொஞ்சம் சாய்வாக. புத்தரை வணங்கும் ஒரு எளிய ஜப்பானியப் பிட்சுவாகத் தன்னை எண்ணி வரைந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் ஜப்பானுக்குப் போனதே கிடையாது. பாரிசில் மலிவாகக் கிடைத்த ஜப்பானிய மர அச்சுப் படங்களை வாங்கிச் சேர்த்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிக்கொண்ட ஜப்பான் அது. சுமார் இருபத்தைந்து வருஷம் கழித்து, தோக்கியோவில் இருபதைத் தாண்டிய ஒரு இளைஞர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தை வான் கோவின் முறையில் வரைந்துகொண்டிருந்தார். அவரும் ஐரோப்பாவுக்குப் போனதில்லை, கடைசிவரை போகவும் இல்லை. பத்திரிகையிலும் புத்தகத்திலும் அச்சான படங்கள்தான் அவருக்குக் கிடைத்த ஐரோப்பா.

அந்த இளைஞர் கிஷிதா ரியூசெய். ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில் வரும், ரியூசெய் என்பது அவருடைய சொந்தப் பெயர். அங்கே அவரை ரியூசெய் என்றே சொல்வார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியத்தில் தவிர்க்கவே முடியாத பெயர். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம், அது நமக்குத்தான் நஷ்டம்.

ஓவியத்தைப் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும் 'இதில் இன்னாருடைய தாக்கம் இருக்கிறது' என்று ஒரு வரி வரும். புதிதாகப் படிக்கிறவருக்கு அது ஒன்றும் சொல்லாத வரி. தாக்கம் என்றால் காப்பியடித்ததா? பாடம் கற்றதா? யாரோ ஒருவருடைய பாணி இவர்மேல் தானாக வந்து ஒட்டிக்கொண்டதா? இதை விளங்கிக்கொள்ள ரியூசெய்யின் தன்னுருவ ஓவியங்களைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காரணம் எளிது. 1912 முதல் சில வருஷங்களுக்கு அவர் தன் முகத்தையே மறுபடி மறுபடி வரைந்தார். மூக்கு அதே மூக்கு, நெற்றி அதே நெற்றி, வரைந்த ஆளும் அவரே. அப்படியிருந்தும் படத்துக்குப் படம் வேறு ஒன்று மாறுகிறது இல்லையா, அந்த மாறுகிற பகுதியில்தான் ஐரோப்பா இருக்கிறது. ஒரே கீர்த்தனையை இரண்டு மூன்று பேர் பாடிக் கேட்டால் பாணி என்பது தனியாகப் பிடிபடும் அல்லவா, அந்த மாதிரி.

கொஞ்சம் பின்னணி வேண்டும். எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தருவது ஜப்பானில் 1870-களில்தான் சூடுபிடித்தது. அரசாங்கம் 1876-இல் ஒரு கலைப்பள்ளி தொடங்கி, இத்தாலியிலிருந்து அந்தோனியோ ஃபொந்தனேசி என்ற ஓவியரை ஆசிரியராக வரவழைத்தது. சில வருஷங்களிலேயே அந்தப் பள்ளி மூடப்பட்டது. அதன்பின் வந்த பெரிய ஆள் குரோதா செய்கி. சட்டம் படிக்க 1884-இல் பிரான்சுக்குப் போனவர் ஓவியத்துக்கு மாறி, ரஃபேல் கொலான் என்பவரிடம் படித்துவிட்டு 1893-இல் திரும்பினார். வெளிச்சமும் திறந்தவெளியும் நிறைந்த, மென்மையான ஓவியம் அவருடையது. 1896-இல் தோக்கியோ கலைப்பள்ளியில் மேற்கத்திய ஓவியத் துறை வந்தபோது அவர்தான் அதற்குத் தலைமை. அங்கே படித்து முடிக்கும் மாணவர்கள் தங்கள் முகத்தையே வரைந்து கொடுத்துவிட்டுப் போவது வழக்கமானது. அந்தப் படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பிற்பாடு பாரிசில் பெரும்புகழ் பெற்ற ஃபுஜிதா 1910-இல் அப்படி ஒன்றை வரைந்துகொடுத்தபோது, அதிலிருந்த கறுப்பு குரோதாவுக்குப் பிடிக்கவில்லை, எப்படி வரையக்கூடாது என்பதற்கு அதையே உதாரணமாகக் காட்டினார். ஒரு ஆசிரியரின் ருசி ஒரு தலைமுறையின் வண்ணப் பெட்டியில் எது இருக்கலாம் எது இருக்கக்கூடாது என்பதுவரை தீர்மானித்த காலம் அது.

ரியூசெய் அந்தக் கலைப்பள்ளியில் படித்தவர் இல்லை. 1891-இல் தோக்கியோவின் கின்சா பகுதியில் பிறந்தவர். அப்பா கிஷிதா கின்கோ பெயர்பெற்ற பத்திரிகையாளர், கூடவே கண் மருந்துக் கடையும் நடத்தினார். 1905-இல் அப்பா, அம்மா இருவருமே இறந்துவிட்டார்கள், பையனுக்கு 14 வயது. அடுத்த வருஷம் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார், போதகராகிவிடலாம் என்றுகூட ஆசைப்பட்டார். 1908-இல் குரோதா நடத்திய தனி ஓவியப் பயிலகத்தில் சேர்ந்தார், 1910-இல் அரசாங்கக் கண்காட்சியிலேயே அவர் படங்கள் தேர்வாகிவிட்டன. அப்படியே போயிருந்தால் குரோதாவின் நல்ல சீடர்களில் ஒருவராக நின்றிருப்பார்.

அவரைத் திருப்பிவிட்டது ஒரு பத்திரிகை. 1910 ஏப்ரலில் வசதியான குடும்பத்து இளைஞர்கள் சிலர் 'ஷிராகபா' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார்கள். கதை, கவிதையோடு சேர்த்து சிற்பி ரொதான், ஓவியர்கள் செசான், வான் கோ, கொகேன் என்று ஐரோப்பியக் கலைஞர்களின் படங்களையும் அச்சிட்டுப் பரப்பினார்கள். ரொதானுக்காகத் தனிச் சிறப்பிதழே போட்டு, ஜப்பானிய மர அச்சுப் படங்களை அவருக்கு அனுப்பிவைக்க, பதிலுக்கு அவர் மூன்று சிறிய வெண்கலச் சிற்பங்களை அனுப்பினார். 1911 டிசம்பரில் அவை வந்துசேர்ந்தது அந்த வட்டத்துக்குத் திருவிழா. ரியூசெய் அந்த வட்டத்தோடு பழகத் தொடங்கியதும் அதே வருஷம்தான். அச்சிட்ட அந்தப் படங்களைப் பார்த்தது தனக்கு இரண்டாவது பிறப்பு என்கிற அளவுக்குப் பிற்பாடு எழுதினார். இதை மிகைப் பேச்சு என்று நான் நினைக்கவில்லை. ஓவியம் என்றால் வெளியுலகின் அழகான வெளிச்சத்தைப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட பையனுக்கு, வரைகிறவனின் மனசே தூரிகைத் தடமாகக் கித்தானில் வந்து நிற்கலாம் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் பழைய இடத்துக்குத் திரும்ப முடியுமா?

அந்தக் காலத்து அச்சுப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அளவு தெரியாது, நிறம் தெரியாது. வான் கோவின் அசல் ஓவியம் என்று ஒன்று ஜப்பானுக்கு வந்ததே 1920-இல்தான். அந்தச் சூரியகாந்திப் படமும் 1945 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆக, 1912-இல் தோக்கியோவில் வான் கோவை நேசித்தவர்கள் காகிதத்தில் இருந்த வான் கோவைத்தான் நேசித்தார்கள். காகிதத்தில் எது தப்பிப் பிழைக்கும்? பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சாம்பல் மூட்டம்தான் மிஞ்சும், ஏனென்றால் அங்கே எல்லாமே நிறத்தில் இருக்கிறது. வான் கோவை அச்சிட்டால் தீற்றல் மிஞ்சும். தூரிகை எந்தப் பக்கம் போனது, எங்கே அழுத்தியது, எங்கே வளைந்தது என்பதெல்லாம் கோடு கோடாகத் தெரியும். ஒரு ஓவியரின் பாணியில் எந்தப் பகுதி இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பது அது எந்த வண்டியில் ஏறிப் போகிறது என்பதையும் பொறுத்தது. 'தாக்கம்' என்ற சொல் இந்த நடைமுறை விஷயத்தை மறைத்துவிடுகிறது என்பது என் குறை.

இப்போது 1912, 1913 வாக்கில் ரியூசெய் வரைந்த தன்னுருவங்களுக்கு வருவோம். தலையும் தோளும் மட்டும், முகம் கிட்டத்தட்டப் படத்தை நிறைத்துக்கொண்டு நேராக நம்மை முறைக்கும். பின்னணியில் கதை சொல்ல ஒன்றும் இருக்காது. வண்ணம் கெட்டியாகப் பூசப்பட்டிருக்கும், தடவித் தடவிச் சமன் செய்த தோல் கிடையாது. கன்னத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். குரோதாவின் பள்ளியில் கன்னம் என்றால் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெல்ல மெல்ல இறங்குகிற ஒரு பரப்பு. இங்கே அது தீற்றல்களால் கட்டி எழுப்பிய திடமான பொருள். கன்னம் எங்கே திரும்புகிறதோ அங்கே தூரிகையும் திரும்பும். இதுதான் அவர் வான் கோவிடமிருந்து எடுத்தது. செசானிடமிருந்து வந்ததும் உண்டு, முகத்தை உணர்ச்சியாக மட்டும் பார்க்காமல் கனமும் தளமும் உள்ள ஒன்றாகப் பார்க்கிற கண்.

1912 அக்டோபரில் ரியூசெய், யொரோசு தெட்சுகோரோ, தகாமுரா கோதாரோ முதலிய இளைஞர்கள் சேர்ந்து கண்காட்சி நடத்தினார்கள். அந்தக் குழு இரண்டே கண்காட்சியோடு கலைந்துபோனது. ஆனால் ஜப்பானில் புதிய ஐரோப்பிய ஓவியத்தின் குரல் பலமாகக் கேட்டது அங்கேதான். அதிலிருந்த யொரோசுவும் அதே சமயத்தில் தன் முகத்தை வரைந்தார். 'சிவந்த கண்களுடன் தன்னுருவம்' என்ற அந்தப் படத்தில் முகமே சில்லு சில்லாக உடைந்து கோணலாக நிற்கும், கண்கள் இரத்தச் சிவப்பு. அவரும் ஐரோப்பா போகாதவர். இரண்டு பேரும் ஒரே குழு, கிட்டத்தட்ட ஒரே அச்சுப் படங்கள், ஒரே ஊர், ஒரே வருஷங்கள். ஒருவர் முகத்தை உடைத்தார், மற்றவர் இறுக்கிக் கட்டினார். தாக்கம் என்பது ஜலதோஷம்போலத் தொற்றுகிற விஷயமாக இருந்திருந்தால் இருவருக்கும் ஒரே இருமல் வந்திருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் ரியூசெய்யின் வீட்டுக்கு யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து வரைந்துவிடுவார். நண்பர்கள் அதற்குக் 'கிஷிதாவின் தலைவேட்டை' என்றே பெயர் வைத்தார்கள். ஆள் கிடைக்காத நாளில் கண்ணாடி இருக்கவே இருக்கிறது. 1913-இல் கல்யாணம், 1914-இல் மகள் ரெய்கோ பிறந்தாள்.

சுவாரசியமான திருப்பம் இதற்கப்புறம்தான். 1914 வாக்கில் தீற்றல்கள் அடங்கத் தொடங்குகின்றன. வண்ணம் மெலிகிறது, பழுப்பு ஏறுகிறது, முடி இழை இழையாகப் பிரிகிறது. கண்ணிமையின் ஈரம், உதட்டு ஓரத்தின் மடிப்பு என்று ஒவ்வொன்றிலும் தூரிகை நின்று நின்று போகிறது. தூரிகைத் தடம் தெரியவே கூடாது என்று வரைகிறார். இப்போது அவர் கையில் இருக்கும் அச்சுப் படங்கள் வான் கோவுடையவை இல்லை. ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் டியூரர், இன்றைய பெல்ஜியப் பகுதியான ஃபிளாண்டர்சின் யான் வான் ஐக். ஒருவர் வான் கோவுக்கு ஏறக்குறைய 400 வருஷம் முந்தியவர், மற்றவர் அதற்கும் முன்னால்.

அதாவது ரியூசெய் ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் பின்னோக்கி நடந்தார். ஐரோப்பாவில் பிறந்த ஒருவருக்கு டியூரர் என்றால் தாத்தா காலத்துப் பாடப்புத்தகம், வான் கோ என்றால் நேற்று நடந்த கலகம். தோக்கியோவில் இரண்டுமே புதுச்சரக்கு. எல்லா நூற்றாண்டும் ஒரே சமயத்தில் ஒரே புத்தகக் கடைக்கு வந்து இறங்கின. பழசு எது புதுசு எது என்ற வரிசை அங்கே யாரையும் கட்டிப்போடவில்லை. நவீனப் போக்கை விட்டு விலகுகிறேன் என்று ரியூசெய் அறிந்தேதான் விலகினார். காலத்துக்கு எதிராகப் போகிறார் என்று மற்றவர்கள் பார்த்தபோதும் அவர் அசையவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது எதிரில் இருக்கிற பொருளுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று. அதை 'உள்ளே இருக்கும் அழகு' என்று எழுதினார். தூரிகையை வேகமாக ஓட்டினால் அது தப்பிவிடும், டியூரர்போல ஒவ்வொரு மயிரிழைக்கும் சம மரியாதை கொடுத்தால் பிடிபடும் என்று நம்பினார் என்றே அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குப் படுகிறது.

அப்புறம் காகித விஷயம் இங்கேயும் உண்டு. டியூரர் அடிப்படையில் கோட்டின் ஆள். செதுக்கி அச்சிட்டுச் சந்தையில் விற்பதற்காகவே நிறையப் படங்கள் செய்தவர். அச்சில் போவதற்கென்றே பிறந்த கலை, 400 வருஷம் கழித்து அச்சிலேயே தோக்கியோ போய்ச் சேர்ந்தபோது அதில் சேதாரம் குறைவு. ரியூசெய் அவ்வளவு உறுதியாக டியூரரைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

டியூரர் 1500-ஆம் ஆண்டு வரைந்த தன்னுருவம் மியூனிக்கில் இருக்கிறது. நேருக்கு நேர் பார்வை, தோளில் விழும் சுருள் முடி. ஒரு பக்கம் ஆண்டும் அவருடைய பெயர் முத்திரையும், மறுபக்கம் 28 வயதில் தன்னைத் தானே வரைந்தது பற்றிய லத்தீன் வரிகள். வான் ஐக்கும் சட்டத்தின்மேல் எழுத்துகள் வைப்பார். இதெல்லாம் ரியூசெய்யை வெகுவாகக் கவர்ந்திருக்க வேண்டும். இந்தக் காலத்து உருவப்படங்களில் அவரும் பெயரையும் தேதியையும் அலங்கார எழுத்தில் படத்துக்குள்ளேயே எழுதுகிறார், சிலவற்றில் மேலே வளைவுச் சட்டத்தையும் வண்ணத்தாலேயே வரைகிறார். 1493-இல் டியூரர் கையில் ஒரு முட்செடியை வைத்துக்கொண்டு தன்னை வரைந்த படம் ஒன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1916-இல் ரியூசெய் வரைந்த ஒரு நண்பரின் படத்திலும் அவர் கையில் சின்னச் செடி ஒன்றைப் பிடித்திருப்பார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். எழுத்து, வளைவு, கையில் செடி இதெல்லாம் கண்ணில் பட்டதும் 'ஓ, டியூரரைக் காப்பியடித்திருக்கிறார்' என்று தோன்றும். அவை எடுத்துக்கொண்டதுதான், ஒளிக்கவும் இல்லை. யாரை ஆசானாக வைத்தேன் என்று படத்திலேயே பகிரங்கமாகச் சொல்லிக்கொள்கிற மரியாதை அது. ஆனால் அடையாளங்களை எடுப்பது சுலபம். பார்க்கிற விதத்தை எடுப்பதுதான் கஷ்டம், அதற்கு வருஷங்கள் பிடிக்கும். அது கைவந்ததா இல்லையா என்பது தோலில், கண்ணில், துணியின் மடிப்பில்தான் தெரியும்.

ரியூசெய் மட்டும் இப்படி இல்லை. அவரைவிட நான்கு வயது மூத்த நகாமுரா ட்சுனே என்று ஒருவர், காசநோயாளி. பழைய டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படப்புத்தகம் ஒன்றை விடாமல் புரட்டிப் புரட்டி அழுக்கேற வைத்தவர். 1909-10 வாக்கில் அவர் வரைந்த தன்னுருவத்தில் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் இருள் என்று ரெம்பிராண்ட் அப்படியே தெரிவார். 1923-இல், இறப்பதற்கு முந்தைய வருஷம், கையில் மண்டை ஓட்டை ஏந்திக்கொண்டு தன்னை வரைந்தார். மரணத்தை நினைவூட்ட மண்டை ஓட்டை வைப்பது பழைய ஐரோப்பிய மரபு. தினமும் சாவோடு குடித்தனம் நடத்திய இவர் கையில் அது இரவல் பொருளாகவே தெரியாது. இவர் குடியிருந்தது தோக்கியோ ஷிஞ்சுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த ஓவியக்கூடத்தில். கடைக்காரர் மகள் தோஷிகோவை வரைந்தார், கல்யாணம் செய்துகொள்ளவும் விரும்பினார், பெற்றோர் சம்மதிக்கவில்லை. அவர் அங்கிருந்து போன பிறகு, 1915 கடைசியில், அதே ஓவியக்கூடத்தில் ஒளித்துவைக்கப்பட்டவர் பிரிட்டிஷ்காரர்கள் தேடிக்கொண்டிருந்த நம் ராஷ் பிஹாரி போஸ். 1918-இல் தோஷிகோவை மணந்ததும் அவரே. அந்தக் கடையில் இந்தியக் கறி விற்பனைக்கு வந்ததும் அவர் வழியாகத்தான். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த சுதந்திரப் போராட்டத்தின் தலைமையை 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜியிடம் ஒப்படைத்தவரும் இதே போஸ்தான்.

ரியூசெய்யிடம் திரும்புவோம். 1916-இல் டாக்டர் காசநோய் என்று சொல்லிவிட, அடுத்த வருஷம் கடலோர ஊரான குகேனுமாவுக்குக் குடிபெயர்ந்தார். தன் முகம் மெல்ல விடைபெறுகிறது, அந்த இடத்துக்கு மகள் ரெய்கோவின் முகம் வருகிறது. 1918-இல் வரைந்த ஐந்து வயது ரெய்கோவின் படம் (பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் பழைய ஜப்பானியக் கணக்கு) டியூரர் பாடத்தின் உச்சம், வளைவும் எழுத்தும் உட்பட. 1921-இல் வரைந்த 'ரெய்கோ புன்னகை'யில் கையில் பச்சை நிற ஆரஞ்சு, உதட்டில் ஒரு மர்மச் சிரிப்பு. லியோனார்டோவின் மோனலிசாவை அதில் பலரும் பார்த்திருக்கிறார்கள். அவள் போர்த்தியிருக்கும் கம்பளிச் சால்வையின் முடிச்சுகளைப் பாருங்கள். ஒவ்வொரு நூலும் தொட்டால் கையில் தட்டுப்படும் போலிருக்கும், அவ்வளவு பிடிவாதமான கவனம். அதற்கடுத்த வருஷமே வேறு திசை. சீனாவின் பழைய ஓவியர் யான் ஹுய்யின் சிரிக்கும் துறவியை வைத்துக்கொண்டு ரெய்கோவை ஒரு காட்டுச் சிறுமிபோல, கொஞ்சம் பயமூட்டும்படி வரைந்தார். பின்னோக்கி நடந்தவர் ஐரோப்பாவைத் தாண்டிச் சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்துச் சீனாவுக்கே போய்விட்டார். 1923 பெரும் பூகம்பத்தில் வீடு போனதும் கியோத்தோவுக்கு மாறியது இந்த ஈடுபாட்டை இன்னும் வளர்த்தது. 1929-இல் மஞ்சூரியாவுக்குப் போனார். படம் வரைந்து காசு சேர்த்துப் பிரான்சுக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். திரும்பும் வழியில் யமகுச்சி பகுதியின் தொக்குயாமாவில் நோயுற்று டிசம்பர் 20 அன்று இறந்தார். 38 வயது.

நீங்களே பார்த்துப் பழக ஒரு வழி சொல்கிறேன். ஆர்ல் பிட்சுவாக வான் கோ வரைந்த தன்னுருவம் ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது, டியூரரின் 1500 தன்னுருவம் மியூனிக்கில், ஐந்து வயது ரெய்கோ தோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில். இவற்றின் படங்கள் இணையத்தில் தேடினால் கிடைக்கும். இவற்றோடு 1912-13 வாக்கில் ரியூசெய் வரைந்த தன்னுருவம் ஒன்றையும், 1914-க்குப் பிந்தைய ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து படத்திலும் முதலில் கன்னத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், தூரிகைத் தடம் தெரிகிறதா, தெரிந்தால் எந்தத் திசையில் ஓடுகிறது? அடுத்து முடி: கற்றையாகப் பூசியதா, இழையாகப் பிரித்ததா? அப்புறம் முகத்தின் விளிம்பு பின்னணியைச் சந்திக்கும் இடம், அங்கே கோடு இருக்கிறதா, கரைகிறதா? பெயரும் தேதியும் வளைவும் கடைசியில் பார்த்தால் போதும். கடைசியாக ரியூசெய்யின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், செல்போனிலேயே செய்யலாம். அதில் நிற்பது எது, போவது எது என்று குறித்துக்கொண்டு, அதே மாதிரி மோனேயின் அல்லிக்குளம் ஒன்றையும் மாற்றிப் பாருங்கள்.